மாங்கூழ் ஆலை மேற்பார்வையாளர்களுக்கும் பயிற்சி தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காவேரிப்பட்டணம் அருகே ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் லைன் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பழம் தரம் பிரிக்கும் இடத்தில் தினக்கூலியாகச் சேர்ந்து இந்தப் பொறுப்புக்கு வந்தவள். மாங்காய் விலை பற்றி ஒவ்வொரு சீசனிலும் உங்கள் நாளிதழில் செய்தி வருகிறது, வரத்தான் வேண்டும். ஆலைக்குள் ஆட்களை வைத்து வேலை வாங்கும் எங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

முன்பு கூழைத் தகர டப்பாக்களில் அடைத்தோம். பிறகு அசெப்டிக் இயந்திரம் வந்தது. கூழைச் சூடாக்கி, உடனே குளிரவைத்து, கிருமி நீக்கிய பைகளில் காற்றுப் படாமல் நிரப்பி டிரம்மில் வைக்கும் முறை இது. நடுவில் ஓட்டம் நின்றுபோனால் லைனை மறுபடியும் கிருமி நீக்கித்தான் தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே பழம் இடைவிடாமல் வந்தாக வேண்டும். பெல்ட்டின் வேகம் கூடியது. இயந்திரம் இயக்குபவர்களுக்கு வெளியிலிருந்து ஆட்கள் வந்து கற்றுக்கொடுத்தார்கள். பெல்ட்டின் இருபுறமும் நிற்கும் பெண்களைப் புதிய வேகத்துக்குக் கொண்டுவரும் வேலை மட்டும் என் தலையில் விழுந்தது. அதற்கு ஒரு மணி நேரப் பயிற்சிகூடக் கிடையாது.

அந்தப் பெண்களில் பலர் எனக்கே வேலை கற்றுத் தந்த அக்காக்கள். "நேற்றுவரை எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவள், இன்று எங்களை விரட்டுகிறாள்" என்றார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. அழுகல் பழம் ஒன்று தப்பிப் போனாலும் பழி அவர்கள்மீதுதான் விழும். "கறாராக இரு" என்றார் மேலாளர். கறாராகப் பேசினால் கண் வேகமாகப் பார்த்துவிடுமா? எந்த இடத்தில் பழம் தப்புகிறது என்று மூத்த அக்காக்களிடமே கேட்டேன். பழம் வந்து விழும் முனையில் நிற்பவர்களுக்குத்தான் கண் சீக்கிரம் களைக்கிறது, அங்கே ஆளை மாற்றிக்கொண்டே இரு என்றார்கள். மணிக்கு ஒருமுறை மாற்றினோம். அழுகல் தப்புவது குறைந்தது. வேகத்தைக் கூட்டுவதாக இருந்தால் முந்தைய நாளே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று மேலாளரிடம் வாதாடி அனுமதி வாங்கினேன். அதன்பிறகுதான் அக்காக்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசினார்கள்.

கேட்டுச் செய்யும் இந்த வழக்கம் எனக்கு என் அம்மாவிடமிருந்து வந்தது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989 இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதலில் தொடங்கப்பட்டது, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். அம்மா பின்னாளில் எங்கள் ஊர்க் குழுவின் ஊக்குநராக, அதாவது குழுவை வழிநடத்துபவராக இருந்தார். கூட்டம் நடத்துவது, வாய் திறக்காதவரைப் பேசவைப்பது, வரவு செலவை எல்லோர் முன்னும் படிப்பது, சச்சரவைத் தீர்ப்பது என்று ஊக்குநருக்கும் பிரதிநிதிக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கையெழுத்துப் போடத் தடுமாறிய பெண்களுக்குக் கிடைத்த அந்தப் பயிற்சி, கோடிக்கணக்கில் சரக்கு அனுப்பும் ஆலைகளின் மேற்பார்வையாளர்களுக்குக் கிடைக்கவில்லை. ஓசூர், போச்சம்பள்ளி பக்கம் பெரிய தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போகிறார்கள். அங்கும் நாளை இவர்களிலிருந்துதானே மேற்பார்வையாளர்கள் வர வேண்டும்?

மாங்கூழ் ஆலைகளுக்கு ஆண்டில் பல மாதங்கள் சீசன் இல்லை. அந்தக் காலத்தில் மகளிர் திட்ட அலுவலகமும் அரசு ஐடிஐக்களும் சேர்ந்து மேற்பார்வையாளர் பயிற்சி நடத்தலாம். பாடம் எடுக்கப் பழைய ஊக்குநர்களையே அழைக்கலாம். அவர்கள் இன்னும் ஊர்தோறும் இருக்கிறார்கள். பயிற்சி நாட்களுக்கு ஆலைகள் சம்பளம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கூலிப் பெண்கள் வர மாட்டார்கள். மாவட்ட ஆட்சியர் ஆலை உரிமையாளர்களை அழைத்துப் பேசி, அடுத்த சீசனுக்கு முன்பே இதைத் தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாங்கூழ் ஆலை மேற்பார்வையாளர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.