சைக்கிள் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

பொதுச்சபைக் கூட்டத்துக்கு வந்திருக்கும் தலைவர், பொருளாளர், நிர்வாக சபையினர், அங்கத்தவர்கள், அவர்களை இழுத்து வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாக சபை ஆறு தடவை கூடியது. அதில் ஒன்று கோரம் இல்லாமல் தேநீரோடு முடிந்தது. அங்கத்தவர் தொகை இப்போது 38. சந்தா கட்டாதவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை, அவர்களுக்கே தெரியும். ஞாயிறு காலை சைக்கிள் ஓட்டம் பரிஸின் லா வில்லெத்தில் தொடங்கி ஊர்க் (Ourcq) என்ற கால்வாயின் கரை வழியாக, மழை நாட்கள் தவிர, ஒழுங்காக நடந்தது. சனி இரவு உணவகத்தில் வேலை முடித்து இரண்டு மணிக்குப் படுத்தவர்களும் காலை எட்டு மணிக்குத் தலைக்கவசத்தோடு வந்து நின்றார்கள். அவர்களுக்கு ஒரு சொல் வைத்திருக்கிறேன், அது பிறகு.

இனிக் கணிப்புப் போட்டி. இந்த அறிக்கையில் பாதி இதைப் பற்றித்தான் இருக்கும், ஏனென்றால் இந்த வருடச் சண்டையில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். விதி உங்களுக்குத் தெரியும்: இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் மூன்று நாடுகளின் மூன்று வாரச் சைக்கிள் பந்தயங்களுக்கும், தொடங்குவதற்கு முதல்நாள் இரவு, முதல் மூன்று இடங்களுக்கு வரப்போகிறவர்களின் பெயர்களைத் தாளில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும்.

மே மாதம் இத்தாலியின் ஜிரோ. அல்பேனியாவில் தொடங்கிய அந்தப் பந்தயத்துக்கு வந்த தாள்களில் பெரும்பாலானவை ரொக்லிச், அயுசோ என்ற இரண்டு பெயர்களைச் சுற்றியே இருந்தன. பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின, அதனால் நம் ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன். விழுந்து அடிபட்ட ரொக்லிச் 16 ஆவது கட்டத்தில், அதாவது 16 ஆவது நாள் ஓட்டத்தில், விலகினார். அயுசோ 18 ஆவதில் போனார். மொத்த நேரத்தில் முன்னிற்பவர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டை, யார் தாளிலும் இல்லாத 21 வயது மெக்சிக்கோ இளைஞர் இசாக் டெல் டோரோவிடம் போய்ச் சேர்ந்தது. சியேனாவின் மண் வீதிகளில் 9 ஆவது கட்டத்தில் வாங்கியதை அவர் கடைசிச் சனிக்கிழமை வரை கழற்றவில்லை.

அந்தச் சனிக்கிழமையை விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கொல்லே டெல்லே ஃபினெஸ்த்ரே ஏறக்குறைய 18 கிலோமீட்டர் ஏற்றம், மேற்பகுதி கப்பி ரோடு. சைமன் யேட்ஸ் அன்று காலை டெல் டோரோவுக்கு 1 நிமிடம் 21 விநாடி பின்னால், மூன்றாம் இடத்தில் இருந்தார். இதே மலையில் 2018 இல் நடந்ததைப் பழைய அங்கத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஜிரோவில் யேட்ஸ் 13 நாள் இளஞ்சிவப்புச் சட்டையில் ஓடினார், மூன்று கட்டங்கள் வென்றார், கிடைத்த ஏற்றத்தில் எல்லாம் தாக்கினார். பிறகு 19 ஆவது கட்டத்தில் ஃபினெஸ்த்ரேயில் கால் செத்துப்போனது. கிறிஸ் ஃப்ரூம் 80 கிலோமீட்டர் தனியாக ஓடிப் பந்தயத்தைத் தூக்கிக்கொண்டு போன நாள் அது. யேட்ஸ் வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய 39 நிமிடம் பிந்தியிருந்தார்.

ஏழு வருடம் கழித்து அதே ஆள், அதே மலை. ஆனால் இந்த முறை மூன்று வாரமும் ஒரு கட்டம்கூட வெல்லவில்லை. தேவையில்லாத இடத்தில் தாக்கவில்லை. சேமித்ததை எல்லாம் ஒரே ஏற்றத்தில் செலவழித்தார். பின்னால் டெல் டோரோவும் இரண்டாம் இடத்தில் இருந்த கரபாஸும் “நீ துரத்து, நீ துரத்து” என்பதுபோல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் நடந்ததுதான் இந்த அறிக்கைக்கு முக்கியம். காலையிலேயே முன்னால் போன கூட்டத்தில் யேட்ஸின் அணிக்காரர் வௌட் ஃபான் ஆர்ட் இருந்தார். மலையைத் தாண்டியதும் யேட்ஸ் அவரிடம் போய்ச் சேர்ந்தார். பள்ளத்தாக்கில் காற்று முழுவதையும் ஃபான் ஆர்ட் வாங்கிக்கொண்டார், யேட்ஸ் பின்சக்கரத்தில் ஒட்டி வந்தார். முடிவில் ஜிரோ யேட்ஸுக்கு, டெல் டோரோவை விட 3 நிமிடம் 56 விநாடி முன்னால். நம் பெட்டியில் யேட்ஸ் பெயர் முதலிடத்தில் ஒரு தாளிலும் இல்லை. பரிசுப் பணம் பெட்டியிலேயே கிடந்தது.

அன்று இரவு துணைச் செயலாளர் என்னைக் கேட்டார்: “அண்ணை, நாங்கள் பிழையான கேள்வியைக் கேட்கிறோமோ?” அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கு இப்போதும் படுகிறது. நாங்கள் எழுதுவது முதல்நாள் யார் பலசாலி என்பதை. மூன்று வாரப் பந்தயத்தில் அது அரைவாசிக் கணக்கு. மீதி அரைவாசி, யாருடைய களைப்பை யார் சுமக்கிறார்கள் என்பது. ஓர் அணியில் எட்டுப் பேர். அதில் ஏழு பேரின் வேலை எட்டாமவரைக் காற்றிலிருந்து மறைப்பது, தண்ணீர்ப் போத்தல் கொண்டு வருவது, அவர் சக்கரம் பழுதானால் தங்கள் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது. புத்துணர்ச்சியோடு இருக்கும்போது ஐந்து நிமிடம் எவ்வளவு வலுவாக மிதிக்கிறார் என்பதை விட, நாலு மணித்தியாலம் ஓடிய பிறகு அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைத்தான் அணிகளின் பயிற்சியாளர்கள் இப்போது உன்னிப்பாகப் பார்க்கிறார்கள்.

இதை நாங்களே ஜூன் மாதத்தில் பரிசோதித்துப் பார்த்தோம், வேண்டுமென்று அல்ல. பெந்தெகோஸ்து ஞாயிறும் திங்களும் சேர்த்து டியெப் கடற்கரைக்கு இரண்டு நாள் ஓட்டம். முதல்நாள் ஜிசோர் வரை இளையவர்கள் ஒவ்வொரு மேட்டிலும் பந்தயம் வைத்தார்கள். நானும் வயதை மறந்து ஒரு மேட்டில் சேர்ந்துகொண்டேன். மத்தியானம் வரை ரோல்ஸும் தேநீரும் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் ஃபோர்ஜ்-லெ-ஓவில் பழைய ரயில் பாதை தொடங்குகிறது, மேசைபோல் தட்டையான பாதை. அதில் எனக்கு உடம்பில் சக்தி தீர்ந்து வெறுமை வந்தது: கை நடுங்கி, கண் மங்கி, சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் புல்லில் இருந்துவிட்டேன். முதல்நாள் எல்லோருக்கும் பின்னால் வந்த, எல்லோரும் கேலி செய்த நம் பொருளாளர் ஒரு வாழைப்பழமும் சீனி போட்ட தண்ணீரும் தந்து, பிறகு டியெப் வரை என் முன்னால் ஓடிக் காற்றை மறைத்தார். அவருக்கு இந்தச் சபையில் நன்றி சொல்கிறேன். கேலி செய்ததற்கு மன்னிப்பையும் குறிப்பேட்டில் பதியலாம்.

சாப்பாடு பற்றி ஒரு சின்னக் குறிப்பு. இன்றைய பெரிய ஓட்டவீரர்கள் மணிக்கு 120 கிராம் வரை மாச்சத்தை, குளுக்கோசும் பிரக்டோசும் கலந்த பானமாகவும் ஜெல்லாகவும், உள்ளே தள்ளுகிறார்கள். குடலைக்கூட அதற்கு மாதக்கணக்கில் பழக்குகிறார்கள். சோறாகக் கணக்குப் பார்த்தால் மணிக்கு 400 கிராமுக்கு மேல். அணிச் சமையற்காரர்களின் வண்டியில் சோறு அவிக்கும் மின்பானை இருக்கிறது. பையில் வெல்லமோ பழமோ சேர்த்த சோற்றுக்கட்டி இருக்கிறது. சோறு சாப்பிட்டால் நித்திரைதான் வரும், ஓட்டம் வராது என்று எங்களுக்குச் சொல்லித் தந்த பெரியவர்களை இங்கே கூட்டி வந்து காட்ட வேண்டும்.

ஜூலையில் டூர் டி பிரான்ஸ். பொகச்சார் முதலாவது என்று ஏறக்குறைய எல்லாத் தாளும் சொன்னது, அது கணிப்பு இல்லை, காலநிலை அறிக்கை. ஆனாலும் ஒரு வேடிக்கை. 11 ஆவது கட்டத்தில் துலூசில் பொகச்சார் விழுந்தார். அன்றிரவு ஒரு நிர்வாக சபை உறுப்பினர் தன் தாளைத் திரும்பத் தரும்படி என்னைத் தொலைபேசியில் கெஞ்சினார். மறுநாள் ஓத்தகாம் ஏற்றத்தில் பொகச்சார் தன் முக்கிய போட்டியாளர் விங்கெகோரை விட 2 நிமிடம் 10 விநாடி முன்னால் போய்ச் சேர்ந்தார். உறுப்பினர் பிறகு அழைக்கவில்லை.

கணிப்பு தோற்றது மூன்றாம் இடத்தில். பெரும்பாலானோர் எவெனபூல் என்று எழுதினார்கள். அவர் 2024 டிசம்பரில் பயிற்சியின்போது நின்ற வண்டியின் திறந்த கதவில் மோதி எலும்புகள் முறிந்து, ஏப்ரல் மாதத்தில்தான் பந்தயத்துக்குத் திரும்பியவர். அடித்தளம் போட வேண்டிய குளிர்காலம் போனதைத் தாளில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 14 ஆவது கட்டத்தில் தூர்மலே ஏற்றத்தில் இறங்கிவிட்டார். மூன்றாம் இடம் ஜெர்மனியின் லிபோவிட்ஸுக்கு. பொகச்சாரும் மூன்றாம் வாரத்தில் களைத்துத்தான் தெரிந்தார். மாடுகளுக்குத் தோல் நோய் பரவியதால் பாதை சுருக்கப்பட்ட 19 ஆவது கட்டத்தில், லா பிளாஞ்ஞில், வழக்கமான தாக்குதல் வரவில்லை. விங்கெகோரைக் கண் வைத்தபடி ஏறினார். நாலு நிமிடத்துக்கு மேல் கையில் இருந்தது, செலவழிக்கத் தேவையில்லை. சிலருக்கு அது சலிப்பாக இருந்ததாம். எனக்கு அது இந்த டூரின் மிகக் கெட்டித்தனமான ஓட்டம்.

ஆனால் நான் இவ்வளவு கட்டி எழுப்பிய களைப்புத் தத்துவத்தை ஜூலை 27 ஆம் திகதி கொஞ்சம் அசைத்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். கடைசிக் கட்டம் முதன்முறையாக மொன்மார்த்ர் மேட்டில் மூன்று தடவை ஏறியது. லா சப்பலிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம், அதனால் குடையும் பிள்ளைகளும் வடையுமாக ரூ லெப்பிக்கில் போய் நின்றோம். மழையால் மொத்த நேரக் கணக்கு முன்னதாகவே முடிக்கப்பட்டது. பொகச்சார் சும்மா உருட்டிக்கொண்டு போயிருக்கலாம். களைத்த மனிதர், டூரில் முதலிடத்தவர் அணியும் மஞ்சள் சட்டை உறுதியான மனிதர், ஈரக் கல்லுப் பாதையில் தாக்கினார். கடைசி ஏற்றத்தில் அவரைக் கழற்றிவிட்டுத் தனியாக ஷாம்ப்ஸ் எலிசேக்கு இறங்கி வென்றவர் யார்? ஃபினெஸ்த்ரே பள்ளத்தாக்கில் யேட்ஸுக்காகக் காற்றை வாங்கிய அதே ஃபான் ஆர்ட். ஜிரோவும் டூரும் காலில் இருந்த மனிதர். என் மருமகள் குடைக்குள் இருந்து கேட்டாள்: “மாமா, இவர் பெயர் ஏன் உங்கள் தாளில் இல்லை?” தாளில் அதற்கு இடமே இல்லை என்று சொன்னேன்.

ஓகஸ்டில் வந்த ஸ்பெயின் பந்தயத்தை விங்கெகோர் அல்மேய்டாவை விட 1 நிமிடம் 16 விநாடியால் வென்றார்; மத்ரித் கடைசிக் கட்டம் ஆர்ப்பாட்டங்களால் முடிக்கப்படவில்லை. அதில் நம் இருவர் இரண்டு இடங்களைச் சரியாக எழுதிப் பரிசைப் பகிர்ந்தார்கள்.

பெண் அங்கத்தவர்கள் எழுத்தில் தந்த முறைப்பாட்டையும் பதிகிறேன், அது நியாயமானது. பெண்களின் டூரை போலின் ஃபெரான்-ப்ரெவோ வென்றார். ஏப்ரலில் பரி-ரூபே என்ற ஒருநாள் பந்தயத்தின் கல்லுப் பாதையில் வென்ற அவர், ஓகஸ்டில் மதலென் கணவாயில் மஞ்சள் சட்டையை எடுத்து, மறுநாள் ஷாத்தெலில் திரும்பவும் வென்றார். நம் போட்டி அதைக் கவனிக்கவே இல்லை.

ஆகவே நிர்வாக சபை உங்கள் வாக்குக்கு வைப்பது: இனிப் பெண்களின் டூரும் போட்டியில் சேரும். ஒவ்வொரு ஓய்வு நாளிலும் ஒரு பெயரை மாற்றலாம், ஆனால் அந்தப் பெயருக்கு அரைப் புள்ளிதான். தாளில் நாலாவது வரி ஒன்று வரும், அதில் பந்தயத்தைத் தீர்மானிக்கப்போகும் உதவி ஓட்டவீரரின் பெயரை எழுத வேண்டும். இந்த வரிக்கு எப்படிப் புள்ளி போடுவது என்று தலைவரும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

சனி இரவு வேலைக்காரருக்குச் சொல்ல இருந்தது: அடுத்த வருடத்திலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறு ஓட்டம் பத்து மணிக்குத் தொடங்கும். நித்திரை கொண்டுவிட்டு வாருங்கள். கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

2026 டூர் ஜூலை 4 சனிக்கிழமை பார்சலோனாவில், முதல்நாளே அணி நேர ஓட்டத்தோடு தொடங்குகிறது. தாள்கள் வெள்ளி இரவுக்குள் பெட்டிக்குள் விழ வேண்டும். தொலைபேசியில் சொல்லும் பெயர்கள் ஏற்கப்படமாட்டாது.

செயலாளர்
பரிஸ்