கனெக்டிகட் பல்கலைக்கழக ஆடவர் கூடைப்பந்து அணி ரசிகர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இந்தப் பருவத்தில் நம் அணி ஆடிய ஆட்டங்கள் 40, வென்றவை 37. நம் அணி ஆடும் கல்லூரி லீகான பிக் ஈஸ்டில் 18 வெற்றி, 2 தோல்வி. லீகின் நாக்அவுட் தொடரிலும் இறுதியாட்டத்தில் மார்கெட் பல்கலைக்கழகத்தை 73–57 என வென்றோம். 2024 ஏப்ரல் 8 அன்று அரிசோனாவின் கிளெண்டேலில் பர்டியூவை 75–60 என வீழ்த்தியதில் கிடைத்தது ஆறாவது தேசியப் பட்டம். ஆடவர் பிரிவில் பட்டத்தை அடுத்தடுத்த ஆண்டுகளில் வெல்வது 2006, 2007இல் புளோரிடா வென்றதற்குப் பிறகு இதுவே முதல்முறை.

முதலில் தோல்விகள். மூன்றும் வெளியூர்த் தோல்விகள். டிசம்பர் 1 கான்சஸிடம் 65–69, டிசம்பர் 20 சீட்டன் ஹாலிடம் 60–75, பிப்ரவரி 20 கிரெய்ட்டனிடம் 66–85. சீட்டன் ஹாலிடம் வாங்கிய அதே கணக்கைத்தான் இறுதியில் பர்டியூவுக்குக் கொடுத்திருக்கிறோம்! சீட்டன் ஹால் ஆட்டத்தில் ஆட்டக்கணக்கைவிடப் பெரிய இழப்பு, சென்டர் (கூடையருகே ஆடும் உயரமான ஆட்டக்காரர்) டோனவன் கிளிங்கனின் பாதக்காயம். 7 அடி 2 அங்குல ஆள் இல்லாமல் அடுத்த ஐந்து ஆட்டங்கள். சாம்சன் ஜான்சன் அந்த இடத்தில் ஆட, ஐந்தையும் வென்றோம். கிரெய்ட்டன் தடுக்கும்வரை தொடர்வெற்றி 14. அதன் பிறகு கடைசிவரை 13.

முந்தைய ஆண்டின் சானோகோ, ஹாக்கின்ஸ், ஆண்ட்ரே ஜாக்சன் மூவரும் போய்விட்ட நிலையில் இது நடந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும். தொடக்க ஐவரில் மிஞ்சியவர்கள் நியூட்டனும் கராபனும் மட்டுமே. ரட்கர்ஸிலிருந்து கேம் ஸ்பென்சர் வந்தார். முதலாண்டு மாணவர் ஸ்டெபான் காசல் சேர்ந்தார். மாற்று ஆட்டக்காரராக இருந்த கிளிங்கன் தொடக்க ஐவருக்கு உயர்ந்தார்.

தேசியத் தொடரின் ஆறு ஆட்டங்கள்: ஸ்டெட்சன் 91–52, நார்த்வெஸ்டர்ன் 75–58, சான் டியேகோ ஸ்டேட் 82–52, இல்லினாய் 77–52, அலபாமா 86–72, பர்டியூ 75–60. மொத்த வித்தியாசம் 140 புள்ளி. முதல் நான்கும் புரூக்ளினிலும் பாஸ்டனிலும் நடந்ததால் நம் ஊர்க்கூட்டத்துக்குப் பேருந்துத் தொலைவுதான்.

பாடமாக வைக்க வேண்டியது இல்லினாய் ஆட்டம். 23–23 என்று சமமாக நின்ற ஆட்டம், பாதி முடியும் முன்பே தொடங்கிய ஓட்டத்தில் 53–23 ஆனது. எதிரணி ஒரு புள்ளிகூட எடுக்காமல் 30. கூடைக்கு நேராகப் பாய்ந்து ஏறுவது இல்லினாயின் பலம். அங்கே கிளிங்கன் நின்றார். அவர் எதிரே கை நீட்டி எதிர்த்த 19 ஷாட்களில் ஒன்றும் விழவில்லை. கையில் பட்டவை சிலவே. பயத்தில் கோணம் மாறியவை மீதி.

பர்டியூவுக்கு நேர்மாறான திட்டம். அவர்களுடைய 7 அடி 4 அங்குல சென்டர் ஸாக் எடியை இருவர் சூழ்ந்தால் வெளியே ஒரு ஷூட்டர் தனியாக நிற்பார். எனவே பெரும்பாலும் ஒருவரையே அவர்மீது விட்டு, மற்ற நால்வரும் தங்கள் ஆளை விட்டு நகரவில்லை. எடி 37 எடுத்தார். ஆனால் மூன்று புள்ளி எறிதலில் நாட்டின் முன்னணி அணிகளுள் ஒன்றான பர்டியூவுக்கு அன்று கிடைத்த முயற்சிகளே ஏழு, விழுந்தது ஒன்று. மற்ற எல்லோரும் சேர்ந்து 23 புள்ளி. இடைவேளையில் 36–30 என்றபோது பதறியவர்கள் உண்டு. ஆனால் எடி எவ்வளவு எடுத்தாலும், மற்றவர்களைக் கட்டிப்போட்டால் பர்டியூவால் வெல்ல முடியாது. பயிற்சியாளர் டான் ஹர்லியின் கணக்கு அதுதான். நியூட்டன் 20 புள்ளி, 7 அசிஸ்ட் (சக வீரர் கூடையிட உதவிய பாஸ்). தொடரின் சிறந்த வீரரும் அவரே.

புதிய உறுப்பினர்களுக்கு இரண்டு குறிப்புகள். ஊரில் நான்கு கால் பகுதி ஆடிப் பழகியவர்கள் கவனிக்கவும்: இங்கே ஆடவர் கல்லூரி ஆட்டம் 20 நிமிடப் பாதி இரண்டு, ஷாட் கடிகாரம் (பந்தைக் கூடைக்கு எறிய அணிக்குத் தரும் அவகாசம்) 24 அல்ல, 30 விநாடி. ஒரு பாதியில் ஓர் அணி செய்யும் ஏழாவது பௌல் முதல் எதிரணிக்கு போனஸ்: முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் அடுத்தது. பத்தாவதிலிருந்து இரண்டும் உறுதி. மற்றொன்று, உள்ளூர் ஆட்டங்கள் ஸ்டோர்ஸின் கேம்பல் அரங்கிலும் ஹார்ட்ஃபோர்டின் பீப்பிள்ஸ்பேங்க் அரங்கிலும் (2025 வரை எக்ஸ்எல் சென்டர்) மாறி மாறி நடக்கின்றன. டிக்கெட்டில் அரங்கின் பெயரைப் பார்க்காமல் வண்டியை எடுக்க வேண்டாம்.

2024 ஜூன் மாத என்பிஏ டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) காசல் நான்காவதாக சான் அன்டோனியோவுக்கும், கிளிங்கன் ஏழாவதாக போர்ட்லாண்டுக்கும் சென்றனர். நியூட்டனும் ஸ்பென்சரும் இரண்டாம் சுற்றில் தேர்வாயினர். என்பிஏ அணியான லேக்கர்ஸ் அழைத்தும் ஹர்லி போகவில்லை. 2024–25 பருவத்துக்குத் தொடக்க ஐவரில் கராபன் மட்டும் மிஞ்சினார், சென்டரில் ஜான்சன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்