பாம்பின் கண்ணில் தெரிந்த குமிழி

ஆசிரியருக்கு வணக்கம்.

காற்றுக் குமிழிகள் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் லியொனார்டோ டாவின்சியிலிருந்து ஒரே தாவாக 2023க்கு வந்துவிட்டீர்கள். குமிழி நேராக ஏறாமல் நெளிந்து நெளிந்து ஏறுவதை அவர் 500 வருடங்களுக்கு முன்பே கவனித்தார், ஆரம் 0.926 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் அப்படித் தடம் மாறும் என்று 2023இல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள், சரி. நடுவில் இருந்தவர்கள் எங்கே?

விஞ்ஞானி ராபர்ட் பாயில் ஒரு விரியன் பாம்பைக் கண்ணாடிக் கலத்துக்குள் விட்டுக் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சியபோது, அதன் கண்ணில் உள்ள நீருக்குள் ஒரு குமிழி இங்குமங்கும் நகர்ந்ததாம். 1670இல் எழுதி வைத்திருக்கிறார். கொடுமையான சோதனைதான். ஆனால் அழுத்தம் குறைந்தால் திரவத்தில் கரைந்திருக்கும் வாயு குமிழியாக வெளியே வந்துவிடும் என்பது உயிருள்ள உடம்புக்கும் பொருந்தும் என்று அதில்தான் தெரிந்தது. (கோலி சோடாவை உடைத்தால் பொங்குவதும் இதனால்தான்.) அழுத்தம் மிகுந்த ஆழ்கடலில் வேலை பார்த்துவிட்டுச் சட்டென்று மேலே வருகிறவர்கள் ஏன் மூட்டுவலியில் துடிக்கிறார்கள், சிலர் ஏன் செத்தே போகிறார்கள் என்ற கேள்விக்கு, ரத்தத்தில் கிளம்பும் நைட்ரஜன் குமிழிகள்தான் காரணம் என்று பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர் 1878இல் சொன்னார். இடையில் 200 வருடங்கள்!

எனக்கு மிகவும் பிடித்தவர் மின்னார்ட். நெதர்லாந்தில் சூரியனை ஆராய்ந்த வானியலாளர், 1933இல் ஓடும் தண்ணீர் ஏன் சத்தம் போடுகிறது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். தண்ணீருக்குள் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழி சுருங்கி விரிந்து அதிர்வதுதான் அந்தச் சத்தம். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 3,200 தடவை அதிரும், அளவு இரண்டு மடங்கானால் அதிர்வு பாதியாகிவிடும். எங்கள் காரைக்குடிப் பக்கம் ஊருணியில் குடத்தை அமுக்கும்போது ‘களக் களக்’ என்று தடித்த குரலில் கேட்பது பெரிய குமிழிகள், குழாய்த் தண்ணீர் வாளியில் மெல்லிசாக விழும்போது கிணுகிணுப்பது பொடிக் குமிழிகள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு தண்ணீர்ச் சத்தம் எதையும் நான் சும்மா கேட்டதில்லை.

இதையெல்லாம் சிறுவர் பக்கத்தில் போடுங்கள் ஐயா. பாம்பெல்லாம் வேண்டாம், ஒரு வாளித் தண்ணீரும் மெல்லியதும் தடித்ததுமாக இரண்டு குழாயும் போதும், பிள்ளைகள் ஊதிப் பார்த்துக் காதாலேயே வித்தியாசம் கண்டுபிடித்துவிடுவார்கள். மின்சாரத்தால் நடக்கும் வேதிமாற்றங்களை ஆராயும் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற ஊர் எங்களுடையது. 1800இல் இங்கிலாந்தில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி, கம்பிகளிலிருந்து குமிழி கிளம்பியதைப் பார்த்த கதையையும் சேர்த்துப் போட்டால் இங்குள்ள பிள்ளைகள் விடாமல் படிப்பார்கள்.

– ஒரு வாசகர், காரைக்குடி