நீராவி நாவல்கள் படிக்கும் நம் பிள்ளைகள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளின் பைகளில் கொஞ்ச நாளாகத் தடித்தடியான நாவல்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அட்டையில் பல்சக்கரம், பித்தளைக் குழாய், புகை விட்டபடி வானத்தில் மிதக்கும் கப்பல். 'ஸ்டீம்பங்க்' சாகச நாவல்கள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இவை எங்கிருந்தோ வந்தவை அல்ல, பள்ளி நூலகத்துக்கு நாங்களே வாங்கி வைத்தவை. "பாடத்தை விட்டுவிட்டு இதைப் படிக்கிறானே, நடக்காததையெல்லாம் நடந்ததாக நினைத்துக்கொள்ள மாட்டானா?" என்று பெற்றோர் கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பெட்ரோலும் மின்சாரமும் வந்து இடத்தைப் பிடிக்காமல், நீராவியே மேலும் மேலும் வளர்ந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும்? இந்தக் கதைகள் அங்கேதான் தொடங்குகின்றன. லண்டனில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித அறிஞர் பல்சக்கரங்களால் ஆன கணக்கு இயந்திரங்களை வடிவமைத்தார். அவற்றில் ஒன்றைப் பற்றி அடா லவ்லேஸ் என்ற பெண் 1843-ல் எழுதிய குறிப்புகளை இன்றைய கம்ப்யூட்டர் புரோகிராமின் முன்னோடி என்பார்கள். பாபேஜ் உயிரோடு இருந்தவரை எந்த இயந்திரமும் முழுதாகச் செய்து முடிக்கப்படவில்லை. 1991-ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அவர் போட்ட வரைபடத்தை வைத்து ஒன்றைச் செய்து பார்த்தது. அது சரியாகவே கணக்குப் போட்டது! அந்த இயந்திரம் அந்தக் காலத்திலேயே ஓடியிருந்தால் என்று எழுத்தாளர் கேட்கிறார், கதை கிளம்பிவிடுகிறது. ஆனால் நடந்தது என்ன என்று தெரியாத பிள்ளைக்கு, நடக்காததில் ஒரு சுவையும் இருக்காது. அதனால்தான் இவற்றைப் படிப்பவர்கள் வரலாற்று ஆசிரியரிடம் போய் நிற்கிறார்கள். அது பொய், இது மெய் என்று பிரித்துப் பார்க்கத் தானாகவே பழகுகிறார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நமக்கெதற்கு என்ற எண்ணமும் சிலருக்கு இருக்கிறது. நம் பழைய வட ஆற்காடு மாவட்டம் நீராவிக் காலத்தின் நடுவிலேயே இருந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பி வந்து சேர்ந்த இடம் நம் வாலாஜா ரோடுதான். இன்னொன்றும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இந்த வகை நாவல்களுக்கெல்லாம் மூதாதை என்று பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்னைச் சொல்வார்கள். அவருடைய கேப்டன் நெமோவை நீர்மூழ்கிக் கப்பலோடு பலருக்கும் தெரியும். (அந்தக் கப்பல் ஓடியது மின்சாரத்தில், நீராவியில் அல்ல.) அந்த நெமோ யார் என்பதை வெர்ன் பிந்தைய நாவல் ஒன்றில்தான் சொல்கிறார்: மத்திய இந்தியாவில் உள்ள பண்டேல்கண்டின் இளவரசர், திப்பு சுல்தானுக்கு நெருங்கிய உறவு, ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்துப் போராடியவர். அது கற்பனை. ஆனால் 1799-ல் திப்பு இறந்த பிறகு அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தையும் அடைத்து வைத்தது நம் வேலூர்க் கோட்டையில். 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகுதான் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். அகழி ஓரம் தினமும் பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு இது தெரிந்தால் அந்த நாவலும் வேறாகத் தெரியும், கோட்டையும் வேறாகத் தெரியும்.

எல்லா ஸ்டீம்பங்க் நாவலையும் நான் பாராட்டவில்லை. சிலவற்றில் கண்ணாடியும் தொப்பியும் தோல் கோட்டும் மட்டும்தான் இருக்கும். விக்டோரியா ராணியின் சாம்ராஜ்யம் ஜொலிக்கும், கரி அள்ளிப் போட்டவர்கள் யார் என்ற பேச்சே இருக்காது. அந்தத் தோல் எங்கிருந்து வந்தது? ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் நம் மெட்ராஸ் மாகாணத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் டேனரி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் யார் கேட்பது? நல்ல நாவல் இந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கும். அப்படிப்பட்டவற்றைத்தான் நூலகர் தேடி எடுக்கிறார். சண்டையும் ரத்தமும் அதிகம் உள்ளவை பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு மட்டும்.

பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் தேர்வு இருக்கிறது, மறக்கவில்லை. அவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரே புத்தகம்தான் தருவோம், திருப்புதல் தேர்வு தொடங்கினால் அதுவும் கிடையாது. ஆனால் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படிக்கிறார்கள் என்றால் தயவுசெய்து புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். அந்த அரை மணி நேரம் கையில் செல்போன் இல்லை என்பதையும் பாருங்கள். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளுக்கு வெர்னின் தமிழ்ச் சுருக்கப் பதிப்புகள் இருக்கின்றன, அதிலிருந்து தொடங்கட்டும்.

அப்புறம், காலாண்டு விடுமுறையில் ஒரு வேலை கொடுக்கப் போகிறோம். விருப்பமுள்ளவர்கள் ஒரு நீராவி சாகசக் கதை எழுதி வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், உருது, எந்த மொழியிலும் எழுதலாம். கதை நம் பழைய வட ஆற்காட்டில் நடக்க வேண்டும். அதில் வரும் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று படிப்பவருக்குப் புரிய வேண்டும். தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கிறது, அந்த நெருக்கடிதான் பிஸ்டனைத் தள்ளுகிறது என்பதை இயற்பியல் ஆசிரியர் வகுப்பில் செய்து காட்டுவார். கரி எங்கிருந்து வரும், பாலாறு மணலாகக் கிடக்கும் ஊரில் கொதிகலனுக்குத் தண்ணீர் யார் தருவார்கள், அந்தத் தண்ணீரை யாரிடமிருந்து எடுப்பார்கள் என்பதையெல்லாம் பிள்ளைகள் யோசிக்கட்டும். எனக்கு அந்தக் கதைகளைப் படிக்க இப்போதே ஆசையாக இருக்கிறது.

இதில் உங்கள் உதவி வேண்டும். காட்பாடி, ஜோலார்பேட்டை பக்கம் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தாக்கள் உங்கள் வீட்டில் இருக்கலாம். கரி எஞ்சினில் பயர்மேனாக நின்றவர்கள், விழுப்புரம் மீட்டர் கேஜ் பாதையில் போய்வந்தவர்கள், கொதிகலன் இருக்கும் தொழிற்சாலையில் இப்போது வேலை செய்பவர்கள், டேனரியில் பட்டறிவு உள்ளவர்கள், யாராக இருந்தாலும் விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கு வந்து பிள்ளைகளிடம் அரை மணி நேரம் பேச முடியுமா? மேடைப் பேச்சு தேவையில்லை, பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும். வர முடிந்தவர்கள் பெயரையும் செய்த வேலையையும் பிள்ளையின் டைரியில் எழுதி, வகுப்பாசிரியரிடம் புதன்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்