இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தவர்களுக்கு நன்றி

வட சென்னை மக்களுக்கு வணக்கம்.

தகயாசு என்னும் ரத்தக்குழாய் அழற்சியால் சிறுநீரகத் தமனி சுருங்கிப் போனவர்களுக்கு, காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல்.

இந்த நோயை 1908-ல் எடுத்துச் சொன்னவர் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ தகயாசு. பெரும்பாலும் 40 வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கு வருகிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் சுவரும் அதிலிருந்து பிரியும் பெரிய குழாய்களின் சுவரும் அழற்சியால் தடித்து, உள்ளே ரத்தம் போகும் வழி குறுகிவிடுகிறது. நம் நாட்டு நோயாளிகளிடம் வயிற்றுப் பகுதி மகாதமனியும் சிறுநீரகத் தமனியும் அடிக்கடி பாதிக்கப்படுகின்றன. தெருக்குழாயில் தண்ணீர் வரத்து குறைந்தால் மோட்டார் போட்டு இழுப்பது போல, ரத்தம் குறைந்த சிறுநீரகம் ரெனின் என்னும் பொருளைச் சுரந்து உடம்பு முழுக்க அழுத்தத்தை ஏற்றிவிடும். இருபது வயதுப் பெண்ணுக்கு 180, 200 என்று பிரஷர் ஏறும். "டென்ஷனாக இருக்கும்" என்ற பேச்சிலேயே மாதங்கள் ஓடிவிடும்.

அப்படி ஓடவிடாமல் பிடித்தவர்கள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அக்காக்களும் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ்களும்தான். முதல் நன்றி உங்களுக்கு. ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையை இதய மட்டத்தில் தாங்கிப் பிடித்து, இரண்டு கையிலும் அளந்தீர்கள். மேல் அளவில் 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் திரும்பவும் அளந்து, எந்தக் கையில் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதினீர்கள். இரண்டு கைக்கும் போகும் தமனிகள் அடைபட்டிருந்தால் கையில் 90 காட்டும்; அதே நேரத்தில் மகாதமனிக்குள் 200 இருக்கலாம். கை அளவை மட்டும் நம்பி "பிரஷர் குறைவு" என்று மாத்திரையை நிறுத்தினால் அடுத்து பக்கவாதமோ நுரையீரலில் நீர் கோப்பதோதான். அந்த மாதிரி நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, தொடைக்குரிய அகலப் பட்டையைச் சுற்றி, முழங்காலின் பின்குழியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்ட நர்ஸ்களை மறக்க முடியாது. கையில் கட்டும் சிறிய பட்டையைத் தொடையில் கட்டினால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். பெரிய பட்டை பக்கத்து வார்டில்தான் இருக்கிறது என்றால் போய் எடுத்துவந்தீர்கள். சாதாரணமாகக் கையைவிடக் காலில் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். கால் அளவு கையைவிடக் குறைந்தால் நடுவில் மகாதமனியே சுருங்கியிருக்கலாம் என்று சீட்டில் குறித்தனுப்பினீர்கள். நான்கு உறுப்பிலும் குறைந்தவர்களுக்கு மகாதமனிக்குள் குழாய் விட்டு அளப்பது தவிர வேறு வழியில்லை.

அடுத்து, ரத்த ஓட்டத்தின் வேகத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்ப்பவர்களுக்கு. வயிற்றில் காற்று இருந்தால் சிறுநீரகத் தமனி தெரியாது. ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்லி, காலையிலேயே முதல் ஆளாகப் படுக்க வைத்தீர்கள். தமனி தொடங்கும் இடத்தில் ரத்தம் பாயும் உச்ச வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா, மகாதமனியில் உள்ளதைப் போல 3.5 மடங்குக்கு மேல் இருக்கிறதா, இரண்டு சிறுநீரகத்தின் நீளத்திலும் 1.5 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசமா என்று மூன்றையும் எழுதிக் கொடுத்தீர்கள். இந்த நோயில் மகாதமனியே சுருங்கியிருந்தால் 3.5 என்ற கணக்கு ஏமாற்றும். அதையும் தெரிந்துகொண்டு மகாதமனியை மேலிருந்து கீழ்வரை பார்த்த உங்கள் பொறுமைக்கு நன்றி.

மருந்துக்கடை அண்ணன்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை. சீட்டைச் சரியாகப் படிக்காமல் தினமும் போட்டால் வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் சரியும், உயிரே போகலாம். சிறுநீரகம் ஏற்கனவே தளர்ந்திருந்தால் மருந்து வெளியேறாமல் தேங்கும், ஆபத்து இரட்டிப்பு. அட்டையின் பின்புறம் சிவப்பு ஸ்கெட்ச்சில் "ஞாயிறு மட்டும்" என்று பெரிதாக எழுதி, ஃபோலிக் ஆசிட்டை வேறு கவரில் போட்டு "புதன்" என்று எழுதிக் கொடுத்த கடைக்காரர் செய்தது சின்ன வேலை இல்லை. முதுகுவலிக்கு, சிறுநீரகத்துக்கு ஆகாத டைக்ளோஃபெனாக் கேட்டு வந்தவரிடம் "கிட்னிக்கு மருந்து சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டு, பாராசிட்டமால் தந்து டாக்டரிடம் அனுப்பினீர்கள். ஸ்டீராய்டு தீர்ந்து சீட்டும் இல்லாமல் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பாமல் அன்றைக்கே வார்டுக்குப் போன் போட்டுக் கேட்டீர்கள். வாரக்கணக்கில் பிரெட்னிசோலோன் என்னும் அந்த ஸ்டீராய்டைப் போட்ட உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பிரஷர் வீழ்ச்சி என்று ஆள் சாய்ந்துவிடும்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்துத் தோழர்களுக்கும் நன்றி. எனாலபிரில், ராமிபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் பிரஷருக்கு நல்ல மருந்துகள்தான். ஆனால் இரண்டு சிறுநீரகத் தமனியும் சுருங்கியவருக்கும், ஒற்றைச் சிறுநீரகத்தின் தமனி சுருங்கியவருக்கும் அவற்றால் வடிகட்டும் அழுத்தமே விழுந்துவிடும். அதனால் தொடங்கும் முன்பும், தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்திலும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் 30 சதவீதத்துக்கு மேல் ஏறியதைப் பார்த்ததும் ரிப்போர்ட்டை ஜன்னலில் வைத்துவிட்டுப் போகாமல் டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். அதனால் மருந்தை நேரத்தில் மாற்ற முடிந்தது.

சுருங்கிய தமனியைப் பலூன் வைத்து விரிக்கும் கேத் லேப் குழுவினரே, அவசரம் இல்லாதபோது அழற்சி அடங்கும்வரை காத்திருந்தீர்கள். அழற்சி கனன்றுகொண்டிருக்கும்போது விரித்தால் மறுபடி சுருங்கும் வாய்ப்பு அதிகம். அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி நார்மலாக இருந்தாலும் உள்ளே நோய் ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதால் ஸ்கேன் படத்தையும் சேர்த்துப் பார்த்தீர்கள். தழும்பேறிய இந்தத் தமனி எளிதில் விரியாது. அதிக அழுத்தம் தாங்கும் பலூன் தேவைப்படும். பலூனுக்கு அடங்காதபோதும் தமனிச் சுவர் கிழிந்தபோதும் மட்டும் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் வைத்தீர்கள்.

வீடு திரும்பும் வழியில், பலூனை உள்ளே விடத் தொடையில் ஊசி போட்ட இடம் வீங்கியபோது, ஆட்டோவை ஓரங்கட்டி, நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, ஊசித் துளைக்குச் சற்று மேலே அழுத்திப் பிடிக்கச் சொல்லி 108-ஐ அழைத்த ஓட்டுநருக்கும் நன்றி.

கடைசியாக, வீட்டில் சமைக்கும் அம்மாக்களுக்கும், காசிமேட்டு மீன்கார அக்காக்களுக்கும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து கிராம் உப்பு, அதாவது எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி. கருவாட்டை எத்தனை முறை அலசினாலும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. நெத்திலிக் கருவாட்டுக்குப் பதில் பச்சை நெத்திலியை எடுத்து வைத்தீர்கள். அப்பளம், ஊறுகாய், வடகத்தை மொத்த வீடும் விட்டது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது, சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கும் என்று சொன்னபோது, வாங்கிய பாக்கெட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தீர்கள்.

பலூன் வைத்தவர்கள் எல்லோரும் டாப்ளர் தேதியைத் தவறவிடாமல் வாருங்கள். வரும்போது இரண்டு கை அளவும் எழுதிய நோட்டைக் கொண்டுவாருங்கள். குழந்தை பெற நினைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டையும் மேலே சொன்ன பிரஷர் மாத்திரைகளையும் கருத்தரிக்கும் முன்பே மாற்றியாக வேண்டும்.

நன்றியுடன்,
ரத்தக்குழாய் அழற்சி நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவக் குழுவினர்,
வட சென்னை