கூண்டு எண்ணை மட்டும் போட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் நாளிதழில் பேரிடர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை முறை எச்சரித்தாலும் சனங்கள் அலட்சியமாகவே இருக்கிறார்கள் என்று அதில் குறைப்பட்டிருந்தார்கள். நான் கடலூர் முதுநகரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் நாளிதழ் காலையில் கடைக்கு வந்தால் சாயங்காலத்துக்குள் முப்பது பேர் கையாவது பட்டுவிடும். புயல் நேரத்தில் அதை அலட்சியமாகப் புரட்டியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. படித்துவிட்டு, சரி, இப்போது என்ன செய்வது என்று விழித்துக்கொண்டு நிற்பவர்களைத்தான் பார்க்கிறேன்.

புயல் கூண்டையே எடுத்துக்கொள்ளுங்கள், கப்பல்களை எச்சரிக்கத் துறைமுகக் கம்பத்தில் ஏற்றுகிற அடையாளம். ஐப்பசி பிறந்துவிட்டால் 'கடலூர் துறைமுகத்தில் 3-ஆம் எண் கூண்டு ஏற்றம்' என்று நீங்களும் போடுகிறீர்கள், டிவியிலும் ஓடுகிறது. எண் ஏற ஏறப் புயலும் பெரிதாகிறது என்றுதான் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் வேலை பார்த்த என் மாமனார்தான் ஒருநாள் உட்காரவைத்து விளக்கினார்.

1-உம் 2-உம் தூரத்தில், கடலுக்குள் ஏதோ உருவாகியிருக்கிறது என்பதற்கு. 3-உம் 4-உம் துறைமுகத்தையே காற்று தொடலாம், உஷார் என்பதற்கு. அப்புறம்தான் விஷயமே. 5, 6, 7 மூன்றுக்கும் புயலின் பலத்தில் பேதம் கிடையாது. 5 என்றால் புயல் போகிற பாதைக்கு இடது கைப்பக்கம் துறைமுகம் இருக்கிறது, 6 என்றால் வலது கைப்பக்கம், 7 என்றால் நேராக நம் தலைமேலேயே வருகிறது. கடும் புயலாக இருந்தால் இதே கணக்கு 8, 9, 10 என்று போகும். 11 எல்லாவற்றையும்விடப் பெரிய புயல் இல்லை. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோய்விட்டது என்று அர்த்தம்!

இந்த இடது, வலது தெரிந்து மளிகைக் கடைக்காரனுக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதீர்கள். நம் பக்கம் புயல் பெரும்பாலும் கிழக்கேயிருந்து மேற்கே வருகிறது, அதற்கு வலது கை வடக்கு. எங்களுக்குத் தெற்கே, சிதம்பரம் பக்கம் கரையேறினால் (அதுதான் 6) காற்று கடலிலிருந்து ஊருக்குள் அடிக்கும், கடல் தண்ணீரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். வடக்கே மரக்காணம் பக்கம் ஏறினால் (அதுதான் 5) காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். கூரை பறக்கலாம், ஆனால் கடல் அந்த அளவுக்கு உள்ளே வராது. தாழங்குடாவிலும் தேவனாம்பட்டினத்திலும் கடலோரம் குடியிருப்பவருக்கு 5-க்கும் 6-க்கும் இவ்வளவு வித்தியாசம். இதை ஒரு வரியில் போட ஒரு நாளிதழுக்கு எத்தனை அங்குலம் இடம் வேண்டும்?

கூண்டு கப்பல்காரர்களுக்காக ஏற்பட்டது. 1864-இல் கல்கத்தாவைப் புரட்டிப்போட்ட புயலுக்கு அடுத்த வருஷம் அந்தத் துறைமுகத்தில் ஆரம்பித்த ஏற்பாடு. மாலுமிக்கு எண் போதும், அவருக்கு அர்த்தம் தெரியும். எங்களுக்கு எண் மட்டும் வந்து சேர்கிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு அலர்ட்டும் அப்படித்தான். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்கு. எங்கள் தெருவுக்குப் புரிந்ததெல்லாம் சிவப்பு என்றால் பள்ளிக்கூடம் லீவு என்பதுதான்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. பெரிய காற்று எதுவும் இல்லை, தப்பித்தோம் என்று இருந்துவிட்டோம். டிசம்பர் 2 விடியற்காலை, தென்பெண்ணை ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். எச்சரிக்கை வரவில்லை என்று சொல்ல மாட்டேன், போனுக்கே வந்தது. தென்பெண்ணைக்குப் பக்கத்தில் என் தங்கை வீடு. "அண்ணே, ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கன அடின்னு போட்டிருக்காங்களே, நம்ம தெருவுக்குள்ள வருமா?" என்று கேட்டாள். கல்லாவில் இருந்த கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம். அப்படியானால் 12,000 லிட்டர் தண்ணி லாரி கிட்டத்தட்ட 400, ஒவ்வொரு விநாடியும். கணக்கு என்னவோ சரியாகத்தான் வந்தது. அவள் கேட்டதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

கணுக்கால் அளவு வரும் என்று நினைத்து, வாஷிங் மெஷினுக்கு இரண்டு செங்கல் வைத்தார்கள், அரிசி டிரம்மைக் கட்டில்மேல் ஏற்றினார்கள். தண்ணீர் கட்டிலையே தூக்கியது. பிள்ளைகளோடு பக்கத்து வீட்டு மாடியில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இருந்தார்கள். இடுப்பளவு வரும் என்று ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் கையோடு என் வீட்டுக்கு வந்திருப்பார்கள், நடந்தே வரக்கூடிய தூரம்தான்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் 'இயற்கைச் சீற்றம்'. மழை இயற்கைதான், ஒத்துக்கொள்கிறேன். அணையை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்று முடிவெடுப்பவர்கள் மனிதர்கள். ஆற்றங்கரையில் மனை போட்டு விற்றவரும் மனிதர், அதைச் சல்லிசாகக் கிடைத்தது என்று வாங்கியவர் என் மைத்துனர். 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டமே பேரிடர் என்பதற்கு விளக்கம் சொல்லும்போது இயற்கையோடு மனிதச் செயல், விபத்து, கவனக்குறைவு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை, அதன் ரசாயன ஆலைகள் எல்லாம் எங்களுக்குப் பக்கத்திலேயே. காற்று திரும்பினால் சில ராத்திரிகளில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்துவோம். அங்கே சங்கு ஊதினால் ஷிப்ட் மாறுகிறதா, வாயு கசிகிறதா என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. 1984 டிசம்பரில் போபாலில் வாயு கசிந்தபோது தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியவர்கள் பலர் அந்த வாயு போன திசையிலேயே ஓடினார்கள். முகத்தில் ஈரத்துணி கட்டு, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே போ என்று அவர்களுக்கு யாரும் முன்னாடியே சொல்லிவைக்கவில்லை. எங்களுக்கும் இதுவரை யாரும் சொன்னதில்லை.

சொல்லிவைத்தால் சனங்கள் கேட்பார்களா என்று கட்டுரை எழுதியவர் கேட்கலாம். ஒடிசாவில் 1999-இல் வந்த சூப்பர் புயலில் ஏறக்குறைய 10,000 பேர் செத்தார்கள். அதே மாநிலத்தில் 2013-இல் பைலின் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள், சாவு இரண்டு இலக்கத்தோடு நின்றது. பைலினும் லேசுப்பட்ட புயல் கிடையாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை ஆரம்பிப்பதற்கு முன்பு எங்கள் பதிப்பில் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். கூண்டு 1-லிருந்து 11 வரை கடலூருக்கு என்ன அர்த்தம், தென்பெண்ணையிலும் கெடிலத்திலும் எத்தனை கன அடி வந்தால் எந்தெந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், சிப்காட் சங்கு எத்தனை தடவை ஊதினால் என்ன என்று அதிகாரிகளிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணையும் பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டுவது என் பொறுப்பு. பசைக்கு மைதா கடையிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்கார வாசகர்,
கடலூர் முதுநகர்