பாய் தெரிந்தால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் படகுப் பயணக் கட்டுரையில், 'பாய்மரப் படகைக் கண்டால் மோட்டார் படகு விலகியே ஆகவேண்டும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். பாதி சரி. மீதிப் பாதியை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று காற்றே இல்லை. பாயை இறக்கச் சோம்பல். அது பாட்டுக்குத் தொங்கட்டும் என்று விட்டு, இன்ஜினைப் போட்டு வந்துகொண்டிருந்தோம். வலப்பக்கமிருந்து ஒரு மோட்டார் படகு குறுக்கே வந்தது. விலகுவார் என்று பார்த்தால், விலகவில்லை. 'இவ்வளவு பெரிய பாய் கண்ணில் படவில்லையா?' என்று நான் கையை ஆட்ட, அவர் நிதானமாக எங்கள் படகின் பின்புறத்தைக் காட்டினார். இன்ஜினைக் குளிர்வித்த தண்ணீர் புகையோடு அங்கே கொப்பளித்துக்கொண்டிருந்தது. அசடு வழிய வேகத்தைக் குறைத்து, அவர் பின்னால் ஒதுங்கிப் போனோம்.

கடலில் மோதலைத் தடுப்பதற்கான 1972-ஆம் ஆண்டு சர்வதேச விதிகளின்படி, இன்ஜினால் ஓடும் படகு பாய் விரித்திருந்தாலும் மோட்டார் படகுதான். இரண்டு மோட்டார் படகுகள் குறுக்கிட்டால், மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காண்பவர் விலகவேண்டும். அதாவது நாங்கள். பாயும் இன்ஜினும் சேர்ந்து ஓடினால், பகலில் கூர்முனை கீழே பார்க்க ஒரு கூம்பை முன்பக்கம் தொங்கவிடவும் வேண்டும். எங்கள் கூம்பு கயிற்றுக் குவியலுக்கு அடியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

சரி, வெறும் பாயில் போனால்? அப்போதும் முந்திச் செல்பவர்தான் விலகவேண்டும். முந்துவது பாய்மரப் படகே ஆனாலும். வலை இழுத்துத் திரும்ப முடியாமல் மீன்பிடிக்கும் படகுக்கும் வழிவிடவேண்டும். குறுகலான கால்வாயில், அதை விட்டு வெளியே வந்தால் தரைதட்டிவிடும் பெரிய கப்பலின் வழியை மறிக்கக்கூடாது.

இன்னொன்று. விலகவேண்டாதவருக்கும் வேலை உண்டு. அவர் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போகவேண்டும். அப்போதுதான் மற்றவர் கணக்குப் போட்டு விலக முடியும். விலகவேண்டியவர் மட்டும் விலகி மோதலைத் தவிர்க்க முடியாது என்ற அளவுக்கு நெருங்கிவிட்டால், இவரும் சுக்கானைத் திருப்பியே ஆகவேண்டும். 'என் பக்கம்தான் நியாயம்' என்று உட்கார்ந்திருக்க விதியில் இடமில்லை.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால் கூம்பின் படத்தோடு.

இப்படிக்கு,
பாய்மரப் படகு ஓட்டும் வாசகர்